மறக்க முடியாத இசைத் தருணம்: சீரியலோ சீரீஸோ, உங்களுடையது எது? (ஸ்பாய்லர் உண்டு)

ரீவைண்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இழையில் கிளைமாக்ஸ் எல்லாம் பேசப்படும். பார்க்காத சீரீஸின் பெயர் கண்ணில் பட்டால் அந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

'நல்ல பாட்டு' பட்டியல் வேண்டாம். இசையை எடுத்துவிட்டால் காட்சி படுத்துவிட வேண்டும், காட்சியை எடுத்துவிட்டால் இசை அநாதையாகிவிட வேண்டும். அப்படி ஒன்றைச் சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள்.

என்னுடையது பலரும் பார்த்ததுதான். கேம் ஆஃப் த்ரோன்ஸ், மூன்றாம் சீசன், ஒன்பதாம் எபிசோடு, 2013. கல்யாண விருந்து நடக்கிறது. மேலே மாடத்தில் வாத்தியக்காரர்கள் குஷியாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மணமக்களை உள்ளே அனுப்பியாயிற்று. ஒருவன் போய்க் கதவைச் சாத்துகிறான். வாத்தியக்காரர்கள் மெட்டை மாற்றுகிறார்கள். கூடத்தில் எல்லோரும் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்க, விருந்தாளியாக வந்திருக்கும் கேட்லின் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அது லானிஸ்டர் குடும்பத்தின் பாட்டு. தங்களை எதிர்த்த ஒரு வம்சத்தையே பூண்டோடு அழித்ததைச் சொல்லும் பாட்டு. அவர்களுடைய எதிரியான கேட்லினின் மகன் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை ஏன் வாசிக்கிறார்கள்? இன்னும் ஒரு கத்திகூட உருவப்படவில்லை. நமக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது.

இதற்கு அவர்கள் எவ்வளவு நாளாக விதை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் சீசனில் லானிஸ்டர் குடும்பத்து டிரியன் அந்த மெட்டை விசிலடிப்பான். போர் மூளும் இரவில், சண்டைக்குச் சற்று முன்பு, கூலிப்படை வீரன் ப்ரான் அதைப் பாடுவான். முந்தைய எபிசோடில்தான் டிரியனின் அக்கா செர்சி அந்த வம்சம் அழிந்த கதையை மார்ஜரியிடம் சொல்லி மிரட்டுவாள். ஆக, பாட்டு வரும்போது நமக்கு அர்த்தம் தெரியும். என் கட்சி இதுதான்: ஒரு இசைத் தருணம் அந்த எபிசோடில் பிறப்பதில்லை, அதற்கு முன்பே விதைக்கப்படுகிறது.

கடைசி பெஞ்ச்

சொப்ரானோஸ் கடைசிக் காட்சி. 2007 ஜூன். விவாதமே கிடையாது, இழையைப் பூட்டிவிடலாம் :)

சரி, காரணம் கேட்டீர்கள் இல்லையா. கதாநாயகனான மாஃபியா தலைவன் டோனி ஒரு உணவகத்தில் வந்து உட்கார்கிறான். மேஜைமேல் இருக்கும் சின்ன ஜூக்பாக்ஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஜர்னி குழுவின் 1981 பாட்டு ஒன்றைப் போடுகிறான். ஊர் உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு. கதவு மணி அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறான். மனைவி வருகிறாள், பையன் வருகிறான், மகள் வெளியே காரை நிறுத்தத் திண்டாடிக்கொண்டிருக்கிறாள். ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் பாட்டு ஏறிக்கொண்டே போகிறது. மறுபடி மணி, அவன் நிமிர்கிறான், பாட்டு வரியின் நடுவிலேயே அறுந்து திரை கறுப்பாகிவிடுகிறது. அவ்வளவுதான். நிறையப் பேர் கேபிள் போய்விட்டது என்றே நினைத்தார்கள்.

அந்த சீரீஸில் எபிசோடுக்கு எபிசோடு வேறு ஒரு பாட்டோடு முடிவில் பெயர் எழுத்துகள் ஓடும். கடைசி எபிசோடில் மட்டும் சத்தமே இல்லாமல் ஓடுகிறது.

ஏழாம் சுரம்

இரண்டு பேரும் நல்ல காட்சிகளைத்தான் சொன்னீர்கள். ஆனால் கடைசி பெஞ்ச் சொன்ன வகையில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஏற்கெனவே கோடிப்பேர் மனதில் உட்கார்ந்திருக்கும் பாட்டைக் காசு கொடுத்து வாங்கிக் காட்சியின்மேல் போட்டால் உணர்ச்சி வரத்தானே செய்யும்? அது கடன் வாங்கிய உணர்ச்சி. சொந்தமாக இசையமைத்துச் சாதிப்பதுதான் வித்தை.

உதாரணத்துக்கு அதே கேம் ஆஃப் த்ரோன்ஸில், ஆறாம் சீசன் கடைசி எபிசோடின் தொடக்கம். இசையமைப்பாளர் ரமின் ஜவாதி அதுவரை அந்த சீரீஸில் பியானோவைத் தொட்டதே இல்லை. அந்தக் காட்சியில் எல்லோரும் உடுத்திக்கொண்டு விசாரணைக்குக் கிளம்புகிறார்கள், ஒற்றை பியானோ மெதுவாக ஆரம்பிக்கிறது. ஆறு வருஷமாகச் செல்லோவும் முரசும் கேட்டுப் பழகிய காது உடனே விழித்துக்கொள்கிறது: என்னவோ சரியில்லையே. அப்புறம் சிறுவர்களின் குரல், அப்புறம் ஆர்கன். கிட்டத்தட்ட பத்து நிமிஷம். பியானோ நின்று நின்று வாசிக்கிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்போது நடக்கும், இப்போது நடக்கும் என்று நாம் காத்திருக்கிறோம். செர்சி ஜன்னலோரம் ஒயினோடு நிற்பது அப்புறம்தான்.

இன்னொன்று ட்வின் பீக்ஸ், 1990. லாரா பால்மரின் தீம். இயக்குநர் டேவிட் லிஞ்ச் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நாம் ஒரு இருட்டுக் காட்டில் இருக்கிறோம், காற்று வீசுகிறது, நிலா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவார். இசையமைப்பாளர் ஏஞ்சலோ பதலமெண்டி கீபோர்டில் கீழ்ஸ்தாயியில் தடவிக்கொண்டே வருவார். மரத்துக்குப் பின்னாலிருந்து கலங்கிய ஒரு பெண் வருகிறாள் என்று லிஞ்ச் சொல்லும் இடத்தில் மெட்டு மேலே ஏறும். உச்சிக்குப் போய்ப் பொங்கிவிட்டு மறுபடி பழைய இருட்டுக்கே இறங்கிவிடும். ஒரு சுரத்தையும் மாற்ற வேண்டாம் என்று லிஞ்ச் சொல்லிவிட்டார். இதைப் பதலமெண்டியே பியானோ முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டும் வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள். சீரீஸைவிட அது எனக்குப் பிடிக்கும் (அடிக்க வராதீர்கள்).

தந்திக்கம்பி

@ஏழாம் சுரம் கடன் வாங்கிய உணர்ச்சி என்று ஒரே போடாகப் போட்டால் எப்படி? கடன் வாங்கினாலும் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

ப்ரேக்கிங் பேட் கடைசி எபிசோடு. பனி மூடிய ஒரு காருக்குள் கதாநாயகன் வால்ட் உட்கார்ந்திருக்கிறான். கார் அவனுடையது இல்லை. உள்ளே துழாவும்போது பாடகர் மார்ட்டி ராபின்ஸின் கேசட் ஒன்று கீழே விழுகிறது. கார் கிளம்பியதும் அந்தப் பாட்டு ஓடுகிறது: ஃபெலினா என்ற பெண்ணுக்காக, செத்தாலும் பரவாயில்லை என்று திரும்பி வருபவனின் கதை. எபிசோடின் பெயரே ஃபெலினா. பின்னால் பாலைவனத்தில் அந்த மெஷின்கன் ஏற்பாட்டைச் செய்துகொண்டிருக்கும்போது வால்ட் அதே மெட்டை முணுமுணுக்கிறான். அந்தக் கேசட் யாருடையது என்றே நமக்குத் தெரியாது. எவனோ விட்டுப்போன கேசட், கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இதைச் சொந்தமாக இசையமைத்துக் கொண்டுவர முடியுமா?

முடிவில் ஆய்வகத்தில் அவன் விழும்போது வரும் பேட்ஃபிங்கர் குழுவின் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்தக் கேசட்தான்.

மழைக்கால மேகம்

சித்தி டைட்டில் பாட்டு. நித்யஸ்ரீ குரல். அவ்வளவுதான், கிளம்புகிறேன்.

கடைசி பெஞ்ச்

@மழைக்கால மேகம் அப்படியென்றால் மெட்டி ஒலி? அதுவும் நித்யஸ்ரீ, அதுவும் தினா இசை, அதுவும் வைரமுத்து. எதற்கு உங்கள் ஓட்டு?

மழைக்கால மேகம்

இரண்டுக்கும். இதிலெல்லாம் கட்சி சேர்க்காதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ரீவைண்ட் சொன்ன 'முன்பே விதைப்பது' என்பதை டைட்டில் பாட்டு போல வேறு எது செய்கிறது? தினமும் அதே நேரம், அதே பாட்டு, வருஷக்கணக்கில். கதையில் யார் செத்தார்கள், யார் ஓடிப்போனார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது, பாட்டு மட்டும் பல்லவி, சரணத்தோடு அப்படியே இருக்கிறது. மெட்டி ஒலி டைட்டிலில் ஆடிய சாந்தியை இன்றும் மெட்டி ஒலி சாந்தி என்றுதானே சொல்கிறோம். இப்போது ஓடிடியில் எல்லாவற்றுக்கும் 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன் வந்துவிட்டது. அதை அழுத்தும் கை எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது.

ஏழாம் சுரம்

டைட்டில் பாட்டு சரி. ஆனால் அந்த சீரியல்களின் பின்னணி இசையையும் கொஞ்சம் பேசுவோமா? மாமியார் திரும்பினால் ஒரு இடி, மருமகள் திரும்பினால் ஒரு இடி, நடுவில் நிற்கும் மாமனார் முகத்துக்கும் ஒரு இடி. ஒரே சத்தம் எல்லாவற்றுக்கும் வந்தால் அதற்கு அர்த்தமே போய்விடுகிறது. வில்லிக்கு ஒன்று, அழுகைக்கு ஒன்று என்று கையிருப்பில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அதையே ஓட்டினால் தருணம் எங்கிருந்து வரும்?

மறுபக்கம் மால்குடி டேஸ் கேளுங்கள், எண்பதுகளில் தூர்தர்ஷனில் வந்தது. எல். வைத்தியநாதனின் அந்த 'தான தன தன' ஹம்மிங்கும் ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் சேர்ந்து சில நொடிகளில் ஒரு ஊரையே கட்டிவிடும்.

ஒலிமேஜை

இந்த வேலையில் கொஞ்சம் இருந்தவன் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லத் தோன்றுகிறது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடி. அதற்குக் காரணம் இசையமைப்பாளரின் சோம்பேறித்தனம் இல்லை. தினசரி சீரியலில் எபிசோடு மிக்ஸிங்குக்கு வருவதற்கும் ஒளிபரப்பாவதற்கும் நடுவில் பல சமயம் மூச்சுவிட நேரம் இருக்காது. காட்சியைப் பார்த்து புதிதாக எழுத எங்கே நேரம்? அதனால் ஆரம்பத்திலேயே மனநிலைவாரியாகத் துணுக்குகளை எழுதி வாங்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு எடிட்டர் வெட்டி ஒட்டுவதுதான். வாரம் ஒன்று, சீசனுக்குப் பத்து எபிசோடு என்று வரும் சீரீஸில் இயக்குநரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாகப் பார்த்து, எந்த ஃபிரேமில் இசை உள்ளே வர வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்று குறித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. எங்கே வெளியேறுவது என்பதில்தான் சண்டை அதிகம் வரும்.

அடுத்தது 'காசு கொடுத்து வாங்கிப் போடுவது'. அது அவ்வளவு சுலபம் இல்லை சார். ஒரு பாட்டுக்கு இரண்டு அனுமதி வேண்டும். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் தரப்பிலிருந்து ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரரான கம்பெனியிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒருவர் தலையாட்டவில்லை என்றாலும் கதை முடிந்தது. சில சீரீஸில் பழைய ஹிட்டை வேறு யாரோ பாடிக் கேட்கிறீர்கள் இல்லையா, பல சமயம் அது ரசனையால் மட்டும் இல்லை. புதிதாகப் பாடிப் பதிந்தால் இரண்டாவது அனுமதி தேவைப்படாது.

அறுபதுகளில் நடக்கும் கதையான மேட் மென் 2012-ல் பீட்டில்ஸின் ஒரு பாட்டைப் போட்டது. அவர்களுடைய அசல் பதிவு டிவியில் வருவதே அபூர்வம். அதற்குச் சுமார் 2,50,000 டாலர் ஆனதாக அப்போது செய்தி வந்தது. அந்தக் காட்சியில் என்ன நடக்கிறது? கதாநாயகன் டானின் இளம் மனைவி, முதலில் இதைக் கேள் என்று ரெக்கார்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவன் ஊசியை வைக்கிறான், சாய்ந்து உட்கார்கிறான், கேட்கிறான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காட்சிகள் வந்து போகின்றன. பாட்டு முடிவதற்குள் அவன் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிட்டுப் படுக்கப் போய்விடுகிறான். காலம் மாறிவிட்டது, இவனுக்குப் புரியவில்லை, பிடிக்கவும் இல்லை. அத்தனை காசு கொடுத்து வாங்கிய பாட்டை நடுவில் நிறுத்தும் தைரியம் இருக்கிறதே, அதைத்தான் நான் கும்பிடுகிறேன். @ஏழாம் சுரம், கடன் வாங்கிய உணர்ச்சி என்றால் இங்கே அந்த உணர்ச்சி வேண்டாம் என்று ஒரு மனிதன் திருப்பி அனுப்புகிறான்.

ரீவைண்ட்

@ஒலிமேஜை அருமை. உரிமை பற்றி ஒரு சந்தேகம். பழைய சீரீஸ் சிலவற்றை ஓடிடியில் பார்த்தால் பாட்டு வேறாக இருக்கிறதே?

ஒலிமேஜை

அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் டிவி ஒளிபரப்புக்கு மட்டும்தான் அனுமதி வாங்கியிருப்பார்கள். டிவிடியும் ஸ்ட்ரீமிங்கும் வரும் என்று யார் கண்டார்கள்? மறுபடி வாங்கப் போனால் விலை கட்டுப்படியாகாது, உடனே ஏதோ ஒரு பேர் தெரியாத பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி என்று ஒரு நகைச்சுவைத் தொடர், கதை நடப்பதே ஒரு ரேடியோ நிலையத்தில். அதில் பாட்டை மாற்றினால் என்ன மிஞ்சும்? மாற்றத்தான் செய்தார்கள். தி வொண்டர் இயர்ஸ் 1993-ல் முடிந்தது. முழு சீரீஸும் டிவிடியில் வர 2014 ஆகிவிட்டது, பாட்டு உரிமைதான் முட்டுக்கட்டை.

ஆகவே நீங்கள் இங்கே புகழ்ந்துகொண்டிருக்கும் காட்சி வேறொருவர் பார்த்த பிரதியில் வேறு பாட்டோடு இருந்திருக்கலாம். சொந்த இசைக்கு இந்த ஆபத்து இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஏழாம் சுரத்துக்கு மார்க் போடுகிறேன்.

தந்திக்கம்பி

மயாமி வைஸ் யாரும் சொல்லவில்லையே! இன்றைக்கு சீரீஸ்களில் பாட்டு போடும் பாணிக்கு ஒரு பெரிய வழி திறந்தது அதுதான். 1984 முதல் எபிசோடு. இரவு, கார், ஃபில் காலின்ஸ் பாட்டு. இரண்டு போலீஸ்காரர்கள், ஒருவன் துப்பாக்கியில் தோட்டா போடுகிறான், பேச்சு கிட்டத்தட்ட இல்லை. நடுவில் மற்றவன் காரை நிறுத்தி பூத்திலிருந்து பிரிந்துபோன மனைவிக்கு போன் செய்து, நமக்குள் இருந்தது உண்மைதானே என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். இதே காட்சியில் இப்போது இரண்டு பக்க வசனம் எழுதியிருப்பார்கள். இசையமைப்பாளர் யான் ஹாமரின் தீம் வேறு அடுத்த வருஷம் அமெரிக்காவில் பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வார்த்தையே இல்லாத ஒரு டிவி தீம்!

வெண்திரை

பட்டியலில் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் இல்லாதது ஆச்சரியம். நான்காம் சீசனில் மேக்ஸ் ஓடிவரும் காட்சி. கேட் புஷ் பாட்டு 1985-ல் வந்தது. 2022-ல் இந்தக் காட்சிக்குப் பிறகு பிரிட்டனில் நம்பர் ஒன். 37 வருஷம்! வந்த காலத்தில்கூட அங்கே மூன்றாம் இடம்தான்.

கடைசி பெஞ்ச்

பட்டியலில் முதலிடம் வந்தால் தருணம் ஆகிவிடுமா? ஒரு சீசன் முழுக்க அந்தப் பாட்டைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள்.

வெண்திரை

தேய்த்ததாலேயே சொல்கிறேன். அது மேக்ஸ் வாக்மேனில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு. அசுரனின் பிடியிலிருந்து அவளை மீட்க நண்பர்களுக்குத் தேவைப்படுவது அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்ற தகவல்தான். காட்சிக்குள்ளேயே பாட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. பின்னணியில் வந்து நம் கண்ணைக் கசக்கிவிட்டுப் போகவில்லை. ரீவைண்ட் கேட்ட நிபந்தனைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? பாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பெண் செத்துவிடுவாள்.

கடைசி பெஞ்ச்

சரி, சரி. ஒத்துக்கொள்கிறேன், அரை மனதோடு.

பகல்நிலா

எல்லோரும் இசை வரும் இடத்தைச் சொல்கிறீர்கள். எனக்கு மறக்காதது இசையே வராத எபிசோடு. பஃபி, ஐந்தாம் சீசன், 'தி பாடி', 2001. மகள் வீட்டுக்கு வருகிறாள், அம்மா சோபாவில் இறந்து கிடக்கிறாள். எபிசோடு முழுக்கப் பின்னணி இசை கிடையாது. பேய், பிசாசு, சண்டை என்று எந்த நேரமும் ஏதாவது ஒலித்துக்கொண்டே இருந்த ஒரு சீரீஸ் அது. அம்புலன்ஸ்காரர் பேசுவது, வெளியே எங்கோ குழந்தைகள் விளையாடுவது, துணி உரசுவது, அவ்வளவுதான் கேட்கும். இந்த இடத்தில் அழு, இந்த இடத்தில் மூச்சுவிடு என்று இசை நமக்குச் சொல்லிக்கொடுக்கும் இல்லையா, அந்தக் கைப்பிடியை எடுத்துவிட்டார்கள். எப்போது முடியும் என்று இருந்தது.

இதை எழுதி இயக்கிய அதே ஆள், ஜாஸ் வீடன், அதே வருஷம் நவம்பரில் எல்லோரும் பாடுகிற மியூசிக்கல் எபிசோடையும் கொடுத்தார். பாட்டுகளை அவரே எழுதினார், நடிகர்களே பாடினார்கள். அதிலும் பாட்டுக்குக் கதையில் காரணம் உண்டு: ஒரு பிசாசின் சாபத்தால் யாரும் மனதில் உள்ளதைப் பாடாமல் இருக்க முடியாது. மறைத்ததெல்லாம் பாட்டாக வெளியே கொட்டிவிடுகிறது.

ரீவைண்ட்

@பகல்நிலா இது என் கட்சியை இன்னும் பலப்படுத்துகிறது. சத்தத்தைப் பழக்கி வைத்தால்தான் அதன் இல்லாமை உறைக்கும். நான் சொன்ன அந்தக் கல்யாண எபிசோடிலும் கடைசி எழுத்துகள் நிசப்தத்தில்தான் ஓடும்.

ஏழாம் சுரம்

முன்பே விதைப்பதுதான் எல்லாம் என்றால் சிக்ஸ் ஃபீட் அண்டர் கடைசிக் காட்சியை என்ன செய்வீர்கள்? 2005. பாடகி சியாவின் பாட்டு. அதற்கு முன் அந்த சீரீஸில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, அப்போது பலரும் முதல் தடவையாகக் கேட்ட பாட்டு. கதையின் குடும்பத்துக் கடைசிப் பெண் கிளேர் காரில் ஏறி நண்பன் கொடுத்த சிடியைப் போடுகிறாள், சாலை போய்க்கொண்டே இருக்கிறது. முக்கியப் பாத்திரங்கள் ஒவ்வொருவராக எப்படிச் சாகப் போகிறார்கள் என்று வருஷங்கள் தாண்டித் தாண்டிக் காட்டிக்கொண்டே போய் 2085-ல் நிற்கிறது. விதையே இல்லையே. கடன் வாங்கிய பாட்டுதான், எனக்கும் தொண்டை அடைத்தது. என் கட்சிக்கே இது எதிரி என்பதால்தான் முதலில் சொல்லாமல் இருந்தேன்.

ரீவைண்ட்

விதை அந்தப் பாட்டில் இல்லை, சாவில் இருக்கிறது. அந்த சீரீஸின் எபிசோடுகள் எப்படித் தொடங்கும்? யாரோ ஒரு அந்நியரின் சாவோடு. பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம், வெள்ளைத் திரை. ஐந்து சீசன் அதைப் பழக்கிவிட்டு, கடைசியில் அதே மாதிரி நம் ஆட்களின் பெயர்களைப் போடுகிறார்கள்.

ஏழாம் சுரம்

வக்கீலாகப் போயிருக்க வேண்டியவர் நீங்கள். அப்படியென்றால் அங்கே பாதி வேலை செய்தது எழுத்தும் வெள்ளைத் திரையும், இசை இல்லை. உங்கள் முதல் நிபந்தனையே ஆட்டம் காணுகிறது.

பகல்நிலா

இரண்டு பேரும் கவ்பாய் பீபாப் பாருங்கள், 1998 ஜப்பானிய அனிமே. இசையமைப்பாளர் யோகோ கன்னோ காட்சிக்குக் காத்திருக்காமல் தன் போக்கில் இசையமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். அதைக் கேட்டு இயக்குநர் வதனபே காட்சிகளை உருவாக்கிய இடங்கள் உண்டு. ஐந்தாம் எபிசோடில் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி உடைந்து நாயகன் ஸ்பைக் கீழே விழும்போது குழந்தைக் குரல்கள் பாடும். சண்டை, ரத்தம், கண்ணாடித்தூள், அதற்கு மேல் தாலாட்டு மாதிரி ஒன்று. இசை பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் வேலை என்று நினைத்துத்தானே இவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள்?

வெண்திரை

இதில் பாதி நான் பார்க்காதது. எதிலிருந்து தொடங்கலாம்?

ரீவைண்ட்

@வெண்திரை கேம் ஆஃப் த்ரோன்ஸ் காட்சியை யூடியூபில் துண்டாகப் பார்க்காதீர்கள், வேலை செய்யாது. சிக்ஸ் ஃபீட் அண்டரும் அப்படித்தான். தனியாகப் பார்த்தாலும் தாங்கும் என்றால் கவ்பாய் பீபாப் ஐந்தாம் எபிசோடும், மயாமி வைஸ் முதல் எபிசோடும். அப்புறம் ட்வின் பீக்ஸ் பைலட்.

தந்திக்கம்பி

தி வயரையும் சேருங்கள். ஐந்து சீசனுக்கும் டைட்டில் ஒரே பாட்டு, ஆனால் சீசனுக்கு ஒரு குரல். நான்காம் சீசன் பள்ளிக்கூடக் கதை, அதில் பாடுவது கதை நடக்கும் பால்டிமோர் நகரத்தின் பதின்வயதுப் பிள்ளைகள். ஸ்கிப் இன்ட்ரோ அழுத்தினால் இது தெரியவே தெரியாது.

மழைக்கால மேகம்

நான் சொன்னபோது யாரும் கேட்கவில்லை :) டைட்டில் பாட்டுக்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். சித்தி கட்சி, மெட்டி ஒலி கட்சி எல்லாம் அங்கே வாருங்கள்.